முழக்கம் போதாது, புல எண் வேண்டும்

"எங்க மாமனாருக்கு சர்க்கார் கொடுத்த காணி அது. ஏரிக்கு அந்தாண்ட. கண்டிஷன் பட்டான்னு சொல்லுவாங்க."

தாமலுக்குப் பக்கத்துச் சேரியில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயா போன மாதம் எங்களிடம் சொன்னது இது. எந்த வருஷம் என்று கேட்டோம். தெரியவில்லை. எவ்வளவு நிலம்? "ரெண்டு காணியோ என்னவோ." பட்டா எங்கே? "கூரை வீடு ரெண்டு தடவ எரிஞ்சுது. அதுக்கு மேல காயிதம் ஏது?" இப்போது அந்த இடத்தில் கம்பி வேலியும், கலர் கலராகக் கொடிகளும், வீட்டுமனை விற்பனைப் பலகையும் நிற்கின்றன. பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் தரிசுக்கும் விலை ஏறிக் கிடக்கிற காலம்.

ஆயா சொன்னதை எழுதிக்கொண்டு பழைய பதிவேட்டைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார்: "பழசெல்லாம் செல்லரிச்சுப் போச்சுப்பா. ஆன்லைன்ல என்ன இருக்கோ அதான்."

அந்த ஒரு வரியில்தான் நமது நிலம் போகிறது. வேலி போட்டவன் நிலத்தை எடுத்துக்கொள்கிறான், செல் சாட்சியைத் தின்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அபகரிப்பு முழுமையாகிறது. நாம் முதலாவதைப் பற்றி மட்டுமே கூட்டம் போடுகிறோம்.

நமக்கு அரசாங்கப் பதிவேடு என்றாலே ஒரு கசப்பு உண்டு. அதை எழுதியவர்கள் கர்ணமும் மிராசுதாரும் வெள்ளைக்கார அதிகாரியும். நமது ஆட்கள் அதில் வந்தால் ஆளாக வருவதில்லை, இன்னாருடைய படியாளாக வருவார்கள். கசப்பு நியாயமானதுதான். ஆனால் நம் தாத்தனிடம் ஓலையும் இல்லை, பத்திரமும் இல்லை, பூட்டி வைக்கப் பெட்டியும் இல்லை. அவர் இருந்தார், உழுதார், அடிபட்டார் என்பதற்கு எழுத்துச் சாட்சி பெரும்பாலும் அவரை ஆண்டவன் எழுதிய காகிதம்தான். அதை விட்டுக்கொடுத்துவிட்டு எதை வைத்துப் பேசப் போகிறோம்?

இதற்கு முதல் பாடம் நமது பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இருக்கிறது. 1891 அக்டோபரில் ஜில்லா கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அடிமை முறை 1843-லேயே சட்டத்தில் ஒழிந்துவிட்டது. ஆனால் கடன் என்ற பேரில் ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் ஜில்லா முழுக்க நடப்பதை அவர் எழுதினார். குடியிருக்கும் நத்தம்கூட மிராசுதாருக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடியதால், எதிர்த்துப் பேசினால் குடிசையை இழக்க வேண்டிய நிலை. புறம்போக்கையோ தரிசையோ கேட்டு தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை என்று விதியே இருந்தது. நிலம் கொடுங்கள், வீட்டுமனையைச் சொந்தமாக்குங்கள், பள்ளிக்கூடம் திறங்கள் என்றார் ட்ரெமென்ஹீர். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் அந்த நாட்களில் இதே குரலில் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். ரெவின்யூ போர்டு இதையெல்லாம் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று எதிர்வாதம் எழுதியது. கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010-ஏ என்ற எண்களில் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோப்பு அழியாமல் இருந்ததால் தெரியும். 1909-ல் எழும்பூரில் எழுந்த ஆவணக் காப்பகத்துச் சிவப்புக் கட்டடத்தில், கலெக்டர் எழுதியதும் போர்டு மறுத்ததும் அரசு முடிவெடுத்ததும் காகிதமாகக் கிடந்ததால் தெரியும். நமக்கு எதிராக போர்டு எழுதிய வாதமும் அதே கட்டில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். யார் எதை மறைக்கப் பார்த்தார்கள் என்பது மறைத்தவர்களின் கையெழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கிறது.

படிப்பு வட்டத்தில் இதைப் பேசும்போது ஒரு தம்பி கேட்டான், "கல்வெட்டைவிட காகிதம் பெரிசா?" நல்ல கேள்வி. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் பஸ் மாறிப் போனால் அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டைப் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 919, 921. குடவோலை முறை, உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று பாடப்புத்தகம் தொடங்கி புதிய நாடாளுமன்றத்தின் அடிக்கல் நாட்டு விழா வரை பெருமை. கல்வெட்டை முழுக்கப் படித்தவர்கள் எத்தனை பேர்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்திலிருந்து எழுபது, வேதப் பயிற்சி வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபையின் விதி. உழுதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி கழிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, சுடுகாட்டுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில். சேரி தனியாக இருந்தது என்பதற்கு ஆயிரம் வருஷத்துச் சாட்சியை அரசனின் கணக்கனே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெருமைக்காகச் செதுக்கியதில் நமக்கு வேண்டியதைப் படித்தெடுக்கலாம். கல்லானாலும் காகிதமானாலும் அப்படித்தான்.

கடல் தாண்டியும் இதே கதைதான். கறுப்பினத்தாரின் போராட்டத்தை நாம் நிறையப் பேசுகிறோம், பாந்தர் என்ற பெயரையே அவர்களிடமிருந்துதான் எடுத்தோம். அவர்கள் தங்கள் வரலாற்றை எப்படித் தோண்டினார்கள் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். அமெரிக்காவில் 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் இருக்காது. விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்களுக்குப் பெயர் வந்தது. கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போகிற கறுப்பினத்தவர் அநேகமாக அந்த 1870 என்ற சுவரில் போய் முட்டுவார்.

அந்தச் சுவரில் ஓட்டை போட்டதும் அரசாங்கக் காகிதம்தான். உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலை பெற்றவர்களுக்காக ஓர் அரசுத் துறை 1865 முதல் 1872 வரை நடந்தது. கூலி ஒப்பந்தம், கல்யாணப் பதிவு, அடித்தான் கொன்றான் என்ற புகார் எல்லாம் அதன் அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அதை வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்தது. சமீப ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் கணினியில் ஏற்றினார்கள். பெரிய அறிவாளிகள் மட்டும் செய்த வேலை இல்லை அது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சாதாரண மக்கள் செய்தது.

அங்கேயும் ஒரு பஞ்சமி நிலம் இருந்தது. 1865 ஜனவரி 16 அன்று ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார்: தெற்குக் கடற்கரையில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம். சில மாதங்களில் சுமார் 40,000 பேர் அதில் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வந்த ஜான்சன், அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பித் தர வைத்தார். நிலம் போனது, உத்தரவு போகவில்லை. இன்று இழப்பீடு கேட்பவர்கள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

அமெரிக்கா ஏதோ ஆவணத்தின் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே தேசியக் காப்பகம் வந்ததே 1934-ல்தான். 1890 கணக்கெடுப்பின் ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீயில் நாசமானது. மிச்சத்தையும் பிறகு வேண்டாம் என்று அழித்துவிட்டார்கள். ஒரு தலைமுறையின் தடமே அதில் போனது. அவர்களுடைய 1890 எரிந்தது, நம்முடைய 1891 பிழைத்தது. பிழைத்ததை வைத்து நாம் என்ன செய்தோம்?

இங்கேதான் நம் மீதே கோபம் வருகிறது. 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம், நாங்களும் சொல்லியிருக்கிறோம். எந்த ஊர், எந்தப் புல எண், யாருக்கு ஒப்படை, இப்போது யார் பெயரில் பட்டா? இந்த நான்கையும் சேர்த்துத் தன் ஊருக்குப் பட்டியல் வைத்திருக்கும் கிளைகள் எத்தனை? 1892 ஆணையோடு அத்தனை நிலமும் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒப்படைகள் அடுத்தடுத்த பத்தாண்டுகளில், ஊர் ஊராக, துண்டு துண்டாக நடந்தன. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது, மீறினால் கிரயம் செல்லாது என்ற நிபந்தனைகள் வருவாய் நிலையாணை 15-ல் இருக்கின்றன. ஆயா சொன்ன 'கண்டிஷன்' இதுதான். அவர் வாயில் வந்தது சட்டச் சொல்.

காரணையில் 1994-ல் நிலத்தைக் கேட்டதற்கு, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் படத்துக்கு வருஷா வருஷம் மாலை போடுகிற நாம், நம் ஊரின் அ-பதிவேட்டை ஒரு முறையாவது பிரித்திருக்க வேண்டாமா?

எப்படித் தேடுவது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அலைந்து கற்றதைச் சொல்கிறோம். ஆன்லைனில் இருப்பது 1980-களின் யு.டி.ஆர். கணக்கிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ இருந்த குறிப்பு, புதிய பதிவேட்டில் ஏறாமலே விடுபட்ட இடங்கள் உண்டு. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, பழைய புல எண் எந்தப் புதிய எண்ணாக, எந்த உட்பிரிவாக மாறியது என்று பார்க்க வேண்டும். பழைய ஏட்டில் 'பஞ்சமி' என்ற சொல்லை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். 1922-ல் எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு ஆதி திராவிடர் என்ற சொல் வந்தது. பதிவின் காலத்தைப் பொறுத்துப் பெயர் மாறும்.

ஒரு பதிவு ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். கிராமத்தில் செல்லரித்தது தாலுகாவில் இருக்கலாம், நில அளவைத் துறையில் இருக்கலாம், எழும்பூரில் இருக்கலாம். ஜமாபந்தி சமயத்தில் ஊர்க் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும், அப்போது போய் நில்லுங்கள். கோப்பு எண்ணின் முன்னெழுத்தையும் பாருங்கள். 'மூ.மு.' என்றால் மூன்று வருஷத்தில் அழிக்கலாம், 'ப.மு.' என்றால் பத்து. நமது மனுக்கள் பெரும்பாலும் எந்த எழுத்தில் முடிகின்றன என்று பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் மட்டும் கேட்காதீர்கள், பதிவேட்டை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 'கிடைக்கவில்லை' என்பது அந்தச் சட்டத்தில் விலக்குக்கான காரணம் அல்ல. தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பு யார் என்று நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு வேலை காப்பகத்துக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமையாகப் பிறந்து உயிரோடு இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழியை அரசே எழுத வைத்தது. கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதனால் முதியவர்கள் பல இடங்களில் பூசி மெழுகித்தான் பேசியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயா நம்மிடம் பூசி மெழுகவில்லை. எல்லைக்கு எந்தப் பனைமரம், தண்ணீர் எந்த மதகிலிருந்து பாய்ந்தது, யார் முதலில் வரப்பை வெட்டித் தள்ளினான் என்று பெயர் சொல்லிப் பேசினார். போனில் பதிவு செய்து தேதி போட்டு வைத்திருக்கிறோம். புலப்படத்தை வைத்துக்கொண்டு அந்த மதகிலிருந்து நடந்தபோது, இரண்டு புல எண்களுக்குள் இடம் அடங்கிவிட்டது.

அந்த இரண்டு எண்களைப் போட்டுத்தான் மனு கொடுத்தோம். முப்பதாம் நாள் 'பதிவேடு இவ்வலுவலகத்தில் இல்லை' என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. முதல் மேல்முறையீடு செய்திருக்கிறோம், விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆயா தானும் வருகிறேன் என்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துத் தர வேண்டுமாம்.