நாலு டயரும் ஒரு நோட்டுக் கணக்கும்

ஒரு பி.காம். மாணவனுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டுச் சோறு நாலு டயர் மேல்தான் ஓடுகிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆயக்குடி. பழனிக்குப் பக்கத்தில், கொய்யாவுக்குப் பேர் போன ஊர். அப்பா ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சந்தையில் கொய்யாப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று போவார். சில நாள் மலை ஏறிக் கொடைக்கானலுக்கும் போவார். திரும்பும்போது கேரட்டோ முட்டைக்கோஸோ ஏற்றி வருவார்.

இப்போது அந்த வண்டியின் நாலு டயரும் மொட்டை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"பின்னாடிதான லோடு இருக்கு. பின்னாடி ரெண்டு மலிவா புதுசு போட்டுக்கலாம். முன்னாடிக்கு ரீட்ரெடிங் பண்ணினதைப் போட்டா போச்சு" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"நீ படிச்ச படிப்புல டயர் பாடமும் உண்டா?" என்று சிரித்தார்.

டயர் பாடம் இல்லை. ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் உண்டு :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடு வண்டிக்கு டயர் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. டயர் எத்தனை கிலோ தாங்கும், ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை பைசா ஆகிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் அப்பாவோடு நானும் வண்டியில் இருந்தேன். கொடைக்கானலில் இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். சவரிக்காடு தாண்டியதும் பின்பக்கம் ஒரு வெடிச்சத்தம். வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. நல்லவேளை, மலைப்பக்கமாக இழுத்தது. வரப்பில் முட்டி நின்றோம். கேரட் மூட்டைகள் சரிந்து ரோடெல்லாம் கேரட். வெடித்தது, பாதி விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கிப் போட்ட பழைய டயர். இழுப்பு மறுபக்கமாக இருந்திருந்தால்... அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. அம்மாவுக்கு பஞ்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும் இடத்தை ஒட்டி ஒரு எண் இருக்கும். அதற்கு லோடு இண்டெக்ஸ் என்று பெயர். அது கிலோ அல்ல, கிலோவுக்கான குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. அதுவும், சொன்ன அளவு காற்று இருந்தால்தான்.

காலி வண்டி 1,700 கிலோ, லோடு 1,300 கிலோ, மொத்தம் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு டயர், ஆளுக்கு 800 கிலோ, மொத்தம் 3,200. போதுமே என்று தோன்றும். அங்கேதான் தப்பு. பிக்கப் வண்டியில் எடை சமமாகப் பிரிவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு பின்னால் விழுந்தால் பின் டயர் இரண்டும் 2,000 கிலோ சுமக்க வேண்டும். ஒன்றுக்கு 1,000 கிலோ. 100 இண்டெக்ஸ் டயர் அங்கேயே தோற்றுவிட்டது. 106-ம் தோற்றது. 112 வேண்டும். மலை ஏறும்போது எடை இன்னும் கொஞ்சம் பின்னால் சாயும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் கட்டி இழுத்துப் போவார்கள். நம் ஊரில் அந்த வேலையை டிராக்டர் பார்த்துக்கொள்கிறது. அங்கேயும் இதே கதைதான். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும். முதுகில் சுமந்தாலும் வாலில் கட்டி இழுத்தாலும் கஷ்டப்படுவது பின் டயர்தான். ஒரே அளவில் கார் டயரும் கிடைக்கும், லோடு டயரும் கிடைக்கும். வீலில் பொருந்திவிட்டது என்பதற்காகக் கார் டயரைப் போட்டால், பொருந்தியது அளவு மட்டும்தான்.

அடுத்தது பைசா கணக்கு. 6,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது, 8,000 ரூபாய் டயர் 50,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முதல் டயருக்குக் கிலோமீட்டருக்கு 20 பைசா. இரண்டாவதற்கு 16 பைசா. ஒரு லட்சம் கிலோமீட்டரில் நாலு டயருக்கும் சேர்த்து 16,000 ரூபாய் வித்தியாசம். மலிவு டயர்தான் விலை அதிகம்! இதில் வழியில் நின்றுபோன நாளின் வாடகையையும் அழுகிப்போன கொய்யாவையும் நான் சேர்க்கவே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். டயர் மாட்டும் அன்று மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள், கழற்றும் அன்றும் எழுதுங்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று டீக்கடையில் சண்டை போட வேண்டியதில்லை.

ரீட்ரெடிங்கை நான் குறை சொல்லவில்லை. விமான டயர்களையே பலமுறை ரீட்ரெடிங் செய்து ஓட்டுகிறார்கள். 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயர் தயாரிக்கும் முன்பே 1952-ல் டயருக்கு ஒட்டும் டிரெட் ரப்பரைத்தான் செய்தது. பெரிய லாரியில் பின்னால் ஜோடி டயர் இருக்கும். ஒன்று போனாலும் பக்கத்து டயர் தாங்கும். எங்கள் பிக்கப்பில் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர்தான். முன் டயரோ இன்னும் மோசம், வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். அமெரிக்காவில் பஸ்களின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் போடவே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அப்பாவின் 'முன்னாடிக்கு ரீட்ரெடிங்' திட்டம் என் ஓட்டில் தோற்றது.

கடையில் இன்னும் ஒன்றைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும். பட்டன் பளபளவென்று இருக்கும், உள்ளே கிழடு. எங்களுக்கு வெடித்த டயரில் அந்த எண்ணை அன்று யாரும் பார்க்கவில்லை.

நைலானா ரேடியலா என்றும் கேட்பார்கள். ரேடியல் சூடு குறைவாக ஏறும், அதிகம் ஓடும். நைலான் கல்லும் முள்ளுமான தோட்டத்து வழியில் பக்கவாட்டில் அடி தாங்கும். எங்கள் வண்டி பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடுவதால் என் ஓட்டு ரேடியலுக்கு. எதுவானாலும் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று கலந்து போடாதீர்கள்.

"எல்லாம் சரி, காசு?" என்று கேட்பீர்கள். அப்பாவும் அதையேதான் கேட்டார். கையில் கூடுதலாக 8,000 இல்லாதவன்தான் ஒரு லட்சம் கிலோமீட்டரில் 16,000 கூடுதலாகக் கட்டுகிறான். இதைப் பாடப்புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல். முடியாதவர்கள் நாலையும் மலிவாக வாங்குவதைவிட, இரண்டு நல்ல டயர் வாங்கிப் பின்னால் போடலாம். இருப்பதில் நல்ல இரண்டு முன்னால் ஓடட்டும். ஆனால் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அது முன்னாலும் ஆகாது. எங்கள் வண்டியில் நாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அதனால் நாலும் வாங்க வேண்டும், பாதி கடன் சொல்லி.

கடைசியாக, அப்பாவிடம் சொல்லத் தயங்கிய ஒன்று. சீசனில் நாங்கள் பத்துப் பெட்டி கூடுதலாக ஏற்றுகிறோம். ஒரு பெட்டி 20 கிலோவுக்கு மேல். 112 இண்டெக்ஸ் டயர் வாங்கி மிச்சம் வைத்த பலமெல்லாம் அந்தப் பத்துப் பெட்டியிலேயே போய்விடும். அளவுக்கு மேல் லோடு ஏற்றினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது. அதுவும் ஒரு செலவுக் கணக்குதானே? காற்றையும் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகி, எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வெடிக்கும்.

நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பத்துப் பெட்டியைக் குறைச்சா அந்த வாடகையை யாருடா குடுப்பா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தைப்பூசத்துக்கு ராத்திரி முழுக்க எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு ஜனங்கள் நடந்து போவார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. அந்த ரோட்டில்தான் நம் வண்டியும் போகிறது என்று மட்டும் சொன்னேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டயர் கடைக்குக் கிளம்பும்போது, "அந்த நோட்டை எடுத்துட்டு வா" என்றார்.