மறிச்சுக்கட்டிக்கு எந்தப் பாதை?



சென்ற மாதம் புவியியல் ஆசிரியை விடுமுறையில் இருந்ததால், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த பாடம் இஸ்லாமும் அறபும்தான். பிள்ளைகளைச் சும்மா இருக்க விடக்கூடாது என்று, தேசப்படப் புத்தகத்தை எடுத்து அவரவர் ஊரைத் தேடச் சொன்னேன். ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"மௌலவி, எங்கட உம்மும்மா புத்தளத்தில இருக்கிறா. படத்தில பார்த்தா கடற்கரையோரமா நேரே ஒரு கோடு போகுது. நாங்க எப்பவும் மதவாச்சியால சுத்தித்தானே போறோம்? அப்ப இந்தக் கோடு பொய்யா?"

நான் கற்பிக்கும் பாடசாலை முசலிப் பிரதேசத்தில் இருக்கிறது. பிறந்த ஊர் புத்தளம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தச் சுற்றுப் பாதையில் பஸ் ஏறி இறங்குகிறவன் நான். அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வகுப்பில் சொல்லி முடியாததை இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று நினைத்தேன். முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வேர் உள்ள குடும்பங்கள் எத்தனையோ இந்தப் பக்கத்தைப் படிக்கின்றன.

முதலில் சுற்றுப் பாதையைப் பார்த்துவிடுவோம். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் சுமார் 75 கிலோமீற்றர். அங்கிருந்து மதவாச்சி ஏறத்தாழ 25. மதவாச்சியில் ஏ 14 நெடுஞ்சாலை பிரிகிறது. செட்டிகுளம், மடு வீதிச் சந்தி, முருங்கன், உயிலங்குளம் என்று வந்து, கடலுக்குக் குறுக்கே உள்ள தாம்போதியைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் நுழைந்து, பேசாலை வழியாகத் தலைமன்னாரில் போய் முடிகிறது. மொத்தம் சுமார் 114 கிலோமீற்றர். முசலிக்குப் போகிறவர்கள் மன்னார் நகருக்கு முன்பே தெற்கே திரும்பவேண்டும். ஆகப் புத்தளத்து வீட்டில் சுபஹுத் தொழுகை முடிந்தவுடன் புறப்படுகிற ஒரு தாய், கைக்குழந்தையோடு இரண்டு மூன்று பஸ் மாறி, மகள் வீட்டு வாசலை மிதிக்க ளுஹரும் கடந்துவிடும்.

இந்த ஏ 14 சாதாரணமான பாதையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைகள் தலைமன்னாரிலும் கரையோரத்திலும் இறங்கி, மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இன்று நாம் குடிக்கிற தேயிலைக்குப் பின்னால் இந்த நடை இருக்கிறது. 1914இல் தலைமன்னார் வரை ரயில் வந்த பிறகுதான் அந்த நடைக்கு ஓரளவு முடிவு வந்தது. அக்கரையில் பாம்பன் பாலமும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல். நம்முடைய மூத்தவர்கள் நாகூருக்கும் கீழக்கரைக்கும் போய்வந்தது அந்தக் கப்பலில்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. ரயிலும் 1990இல் நின்று, 2015 மார்ச்சில்தான் மறுபடி தலைமன்னாருக்கு வந்தது. தாம்போதியில் இருந்த பாலம் 1990இல் போரில் தகர்க்கப்பட்டது. இப்போது நாம் கடக்கும் புதிய பாலம் ஜப்பான் நாட்டு உதவியோடு கட்டி 2010இல் திறக்கப்பட்டது.

இனி, அந்தப் பிள்ளை கேட்ட கோட்டுக்கு வருவோம்.

அந்தக் கோடு பொய்யல்ல. புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு, எழுவன்குளம். அங்கே கலா ஓயாவின் மேல் தாழ்வான ஒரு சப்பாத்துப் பாலம். மாரி காலத்தில் தண்ணீர் அதன் தலைக்கு மேலால் ஓடும். அதைக் கடந்தால் வில்பத்துக் காடு, பொம்பரிப்பு. பிறகு மோதரகம் ஆறு. ஆற்றுக்கு இப்பால் மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம், கொண்டச்சி, சிலாவத்துறை. அதன்பின் அரிப்பு; அங்கிருந்து அருவியாற்றைக் கடந்து, வங்காலை வழியாகத் தள்ளாடியில் மன்னார் வீதியைத் தொடும். எழுவன்குளம் முதல் மறிச்சுக்கட்டி வரை காட்டுக்குள் போகிற துண்டு முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அந்த முப்பது கிலோமீற்றரைத் தவிர்ப்பதற்காகத்தான் நாம் அநுராதபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கரையோரமாகத் தபால் போன வழி இதுதான். அதற்கும் முன்பே இந்தக் கரையை உலகம் அறிந்திருந்தது, முத்தினால். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா 'பத்தாலா' என்று எழுதியது நம் புத்தளத்தைத்தான் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் குவிந்திருந்த முத்துக்களைக் கண்டு அவர் வியந்துபோனார். அந்த முத்துக்கள் இந்த மன்னார் வளைகுடாவின் பார்களில் எடுத்தவை. ஆங்கிலேயர் வந்த பிறகு, முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென்று ஆளுநர் பிரடெரிக் நோர்த் அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். கடலரிப்பில் சரிந்த அதன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் பணியாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அதை விரிவாக எழுதினார். பாரசீக வளைகுடாவிலிருந்து அறபு முத்துக்குளிகாரர்கள் வந்தார்கள்; கீழக்கரை, காயல்பட்டினப் பக்கத்திலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு பட்டணமே எழுந்து, பிறகு ஓலைக் கொட்டில்களோடு மறைந்துவிடும். இன்று மறிச்சுக்கட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. மன்னார் பள்ளிமுனைக்குப் பக்கத்தில் நிற்கும் பெருக்க மரத்தை அறபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்வதைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடுகிறார்கள். மரம் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா!

வில்பத்து 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். நாட்டிலேயே மிகப் பெரியது. பூங்கா வந்த பிறகும் பாதை கிடந்தது, ஆட்கள் போனார்கள், வந்தார்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்த எமது மக்களில் பெரும்பாலோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். முசலியில் இருந்தவர்களில் பலர் தரைவழியாகத் தெற்கு நோக்கி வந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்ததாக ஞாபகமில்லை. பள்ளிவாசல், பாடசாலை, தென்னந்தோட்டம், யார் வீட்டு முற்றம் என்றில்லை. எல்லா இடத்திலும் ஆட்கள். உம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சியதும், நானும் என் ராத்தாவும் வாளியில் தண்ணீர் சுமந்ததும் நினைவிருக்கிறது. எங்கள் முற்றத்தில் ஒரு குடும்பம் கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கியது. சில நாட்கள் என்று வந்தவர்கள் பதினொரு வருடம் இருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாக் காலமும் கஞ்சிக் காலமாக இருக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்தபோது, பாடசாலையில் ஒரு வாங்கில் ஐந்து பிள்ளைகள் நெருக்கியடித்தபோது, கூலி வேலைக்குப் போட்டி வந்தபோது, 'அகதி' என்ற சொல் எங்களூர் வாய்களில் ஏச்சாகவும் மாறியது. நானும் சிறுவயதில் சொல்லியிருக்கிறேன். அதற்காக உம்மாவிடம் வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

அந்தக் கொட்டிலில் ஒரு மூதாட்டி இருந்தார். நாங்கள் மூத்தம்மா என்று கூப்பிடுவோம். மறிச்சுக்கட்டிப் பாதையை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். அவருடைய சின்ன வயதில் மாட்டு வண்டியில் அந்த வழியே புத்தளத்துக்கு வருவார்களாம். இருட்டுமுன் கலா ஓயாவைத் தாண்டிவிடவேண்டும்; யானை நின்றால் மாட்டை அவிழ்க்காமல், பேசாமல் இருக்கவேண்டும்; குதிரைமலைப் பக்கத்துச் செம்மண் வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். "ஊருக்குப் போற பாதை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் மகன்" என்பார். ஆனால் அந்தப் பாதை அப்போது அடைபட்டிருந்தது. 1988இலேயே பூங்காவைப் போர் மூடிவிட்டது. 2003இல் திறந்தார்கள். 2006இல் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் உயிரிழக்க மறுபடி மூடினார்கள். 2010இல்தான் திரும்பத் திறந்தார்கள்.

அதே காலத்தில் பாதையும் துப்புரவாக்கப்பட்டது. சில காலம் பகலில் வாகனங்கள் ஓடவும் செய்தன. உடனே சுற்றாடல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. தேசிய பூங்காவின் நடுவே பொது வீதி அமைத்தால் விலங்குகள் அடிபடும், வேட்டைக்காரர் நுழைவார்கள், காடு இரண்டாகப் பிளந்துபோகும் என்பது அவர்களுடைய வாதம். பாதை பூங்காவுக்கு முந்தியது, மக்களுடையது என்பது எம் மக்களின் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. காட்டுக்குள் இருக்கும் பள்ளக்கண்டல் அந்தோனியார் கோவில் திருநாளுக்குக் கத்தோலிக்க அன்பர்கள் போய்வர வழி விடப்படுவதுண்டு. மற்றப்படி, ஒரு தாய் நம்பி நேரம் குறித்துப் பஸ் ஏறக்கூடிய பாதையாக அது இல்லை.

நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். நீண்ட நாள் கோபமாகத்தான் இருந்தேன். காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு மனிதரைப் பற்றிக் கவலையில்லையே என்று மேடையிலும் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேசுவதில்லை. சிறுத்தையும் கரடியும் வில்லுக் குளங்களும் அல்லாஹ்வின் படைப்புத்தான். இரவில் பஸ்ஸும் லொறியும் வேகமாக ஓடினால் என்னாகும் என்பது ஹபரணைப் பக்கம் யானை அடிபட்டுக் கிடப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும். ஆனால் பகலில் மட்டும், வேகத்தைக் கட்டி, எண்ணிக்கையைக் கட்டி, ஊர் மக்களின் பஸ் இரண்டோ மூன்றோ போய்வர ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். ஒன்று முழுதாகத் திற, இல்லையேல் முழுதாக மூடு என்ற பேச்சில்தான் இத்தனை வருடமும் கழிந்தது.

இதோடு இன்னொரு விவகாரத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் திரும்பி வந்தபோது, இருபது வருடத்தில் அவர்கள் காணியெல்லாம் காடாகிக் கிடந்தது. 2012இல் அவற்றில் ஒரு பகுதி வர்த்தமானியில் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. இந்த ஊர்கள் மோதரகம் ஆற்றுக்கு வடக்கே, தேசிய பூங்காவுக்கு வெளியேதான் இருக்கின்றன. ஆனால் 'வில்பத்தை அழிக்கிறார்கள்' என்றே நாடெங்கும் பேசப்பட்டது. கல்லாறு ஒதுக்குக் காட்டில் குடியேற்றத்துக்காக மரம் வெட்டியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ஒருவர் தம் செலவில் மரம் நடவேண்டும் என்று உத்தரவிட்டதும் உண்மை. இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள், அவர்கள் நம்மவராக இருந்தாலும்.

காணி இழந்தவர்கள் நாம் மட்டுமல்ல. பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் 2007இல் இடம்பெயர்ந்தன. ஊர் கடற்படை முகாமானது. பத்து வருடம் கழித்து, 2017இல், அந்தப் பெண்கள் தெருவோரத்தில் நாட்கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகே ஒரு பகுதியை விட சம்மதித்தார்கள்.

இந்தச் சுற்றுப் பாதையை ஒட்டி ஒரு சகோதரி மார்க்கக் கேள்வியும் கேட்டிருந்தார். புத்தளத்திலிருந்து மறிச்சுக்கட்டிக்குக் காட்டு வழியே அளந்தால் கஸ்ருடைய தூரம் வராது. மதவாச்சியால் சுற்றினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. கஸ்ராகத் தொழலாமா? ஷாபிஈ மத்ஹபில் இதற்குத் தெளிவான விடை உண்டு. ஓர் ஊருக்கு நீண்டதும் குறுகியதுமாக இரண்டு பாதை இருந்து, கஸ்ர் செய்வதைத் தவிர வேறு நோக்கமின்றி ஒருவர் நீண்டதைத் தேர்ந்தால் சுருக்க முடியாது. பாதுகாப்பு, பயண வசதி போன்ற நியாயமான காரணத்தால் நீண்ட பாதையில் போனால் சுருக்கலாம். குறுகிய பாதையில் பஸ்ஸே இல்லாதபோது இதைவிட நியாயமான காரணம் வேறென்ன வேண்டும்? தாராளமாகச் சுருக்கித் தொழுங்கள் சகோதரி. அநுராதபுரம் பஸ் நிலையத்துக்கு அண்மையில் பள்ளிவாசலும் இருக்கிறது.

மூத்தம்மா 2001இல் புத்தளத்தில் மௌத்தானார். ஊரில்தான் அடக்கவேண்டும் என்று அடிக்கடி சொல்லியிருந்தார். அந்த நாளில் எந்தப் பாதையாலும் அது நடக்கிற காரியமல்ல. எங்களூர் மையவாடியில், என் வாப்பாவுக்கு இரண்டு கபுரு தள்ளி அவரை அடக்கினோம். பேத்தி இப்போது முசலியில் குடியிருக்கிறாள். வருடத்தில் ஒருமுறை, நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், பிள்ளைகளையும் ஒரு பை கருவாட்டையும் தூக்கிக்கொண்டு மதவாச்சியால் சுற்றி எங்கள் வீட்டுக்கு வருவாள். பஸ்ஸில் கருவாட்டுப் பையை எங்கே வைப்பது என்று நடத்துநரோடு பட்ட பாட்டை உம்மாவுக்குச் சொல்லிச் சிரித்துவிட்டு, அசரு தொழுத கையோடு மையவாடிக்குப் போகும் எங்களிடம் ஸலாம் சொல்லி அனுப்புவாள்.

தேசப்படத்தில் கோடு பார்த்த என் மாணவி அவளுடைய மூத்த மகள்.