ஓடும் வண்டியை உடைக்க ஒரு சட்டம்

குடிமக்களின் வரிப்பணத்தைச் செலவிடும் எந்த அரசும், அப்பணம் எதற்காகச் சென்றது, எவர் பயன்பெற்றனர், எவர் இழந்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறக் கடமைப்பட்டது. எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் பழைய மோட்டார் வண்டிகளைக் கையளிப்போருக்குப் பணம் கொடுத்துப் புதிய வண்டிகளை வாங்கச் செய்வது நாட்டுக்கு நன்மை என்ற பேச்சு உலகில் அடிக்கடி எழுகின்றது. 2021ஆம் ஆண்டில் இந்தியாவும் பழைய வாகனங்களைக் கழித்தொதுக்கும் கொள்கையொன்றை அறிவித்தது. இவ்வழியில் பெருஞ் செலவு செய்த அமெரிக்காவின் அநுபவத்தை இம்மூன்று வினாக்களாலும் அளந்து பார்ப்போம்.

2009ஆம் ஆண்டில் அந்நாட்டின் மோட்டார்த் தொழில் நிலைகுலைந்து நின்றது. கிறைஸ்லர், ஜெனரல் மோட்டோர்ஸ் ஆகிய இரு பெருங் கம்பனிகளும் வங்குரோத்து நீதிமன்றத்தின் படியேறின. இந்நிலையில் அவ்வாண்டு யூன் 24ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். கலனுக்கு 18 மைலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வண்டியைக் கொடுத்துப் புதிய வண்டி வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டொலர் கழிவு கிடைத்தது. ஒதுக்கிய 100 கோடி டொலர் ஒரு வார காலத்திலேயே தீரும் நிலைக்கு வந்தது. காங்கிரஸ் மேலும் 200 கோடியை அள்ளிக் கொடுத்தது. ஓகஸ்ட் 24ஆம் நாள் திட்டம் முடிவுற்றபோது ஏறத்தாழ 6,77,000 வண்டிகளுக்கு 285 கோடி டொலர் செலவாகியிருந்தது.

நன்மையே விளையவில்லை என்று நாம் வாதிடவில்லை. கையளிக்கப்பட்ட வண்டிகள் கலனுக்குச் சராசரி 15.8 மைலும், வாங்கப்பட்டவை 24.9 மைலும் ஓடின என்பது அரசாங்கத்தின் கணக்கு. விற்பனையாளரின் முற்றங்களில் தேங்கிக் கிடந்த வண்டிகளும் நகர்ந்தன. எனினும், ஒரு சட்டத்தின் நோக்கத்தை மட்டும் படிப்பவன் ஏமாறுவான். அதன் வாசகங்களையும் படித்தல் வேண்டும்.

சாதாரணக் கார் வாங்குவோருக்கு, புதியது பழையதைவிடக் கலனுக்கு 4 மைலாவது கூடுதலாக ஓட வேண்டும் என்பது விதி. ஆனால் சிறு பிக்கப் முதலிய வகைகளுக்கு 2 மைல் போதும். பெரிய பிக்கப், வான் வகைகளுக்கோ ஒரு மைலே போதும். 14 மைல் ஓடியதைக் கொடுத்து 15 மைல் ஓடுவதை வாங்கியவருக்கும் 3,500 டொலர்! இதற்கு எரிபொருட் சிக்கனம் என்று பெயர் சூட்டுவது எவ்வாறு பொருந்தும்?

மேலும், வாங்குவோரின் வருமானத்துக்கு எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. 45,000 டொலர் வரை விலையுள்ள வண்டியை வாங்க வல்லவருக்கும் உதவி உண்டு. புதிய வண்டியை நினைத்தும் பார்க்க இயலாது, பழையதொன்றை வாங்கி வேலைக்குப் போகும் கூலியாளுக்கு ஒரு சதமும் இல்லை. அவன் கைக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடிய வண்டிகளுக்கு நேர்ந்த கதி யாது? இயந்திரத்தின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை ஊற்றி, அது இறுகி நின்றுபோகும்வரை ஓடவிட வேண்டும் என்பது விதி. பழைய வண்டி மீண்டும் வீதிக்கு வரலாகாது என்னும் நோக்கம் விளங்குகிறது. ஆயினும், ஓடும் நிலையில் உள்ள வண்டியே தகுதி பெறும் என்றும், தகுதி பெற்றதை ஓடாதவாறு அழித்துவிட வேண்டும் என்றும் ஒரே சட்டம் கூறியது. வரி கொடுத்தவர்களில் அக்கூலியாளும் ஒருவன் என்பதை மறத்தல் ஆகாது.

தொழிலையாவது இச்சட்டம் நிமிர்த்தியதா? அதிப் மியான், அமீர் சூபி என்னும் பொருளியலறிஞர் இருவர் இதனை ஆராய்ந்தனர். திட்டத்தின் பயனாக மேலதிகமாக விற்பனையானவை ஏறத்தாழ 3,70,000 வண்டிகளே என்றும், அடுத்த ஏழு மாதங்களில் விற்பனை வீழ்ந்து அந்த மேலதிகமும் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிட்டது என்றும் அவர்கள் கண்டனர். அதாவது ஏனைய மூன்று லட்சம் பேர் உதவி இல்லாவிடினும் வாங்கவே இருந்தனர். எஞ்சியோரோ நாளை வாங்கவிருந்ததை இன்று வாங்கினர். சிக்கன விதியினால் மக்கள் சிறிய, மலிவான கார்களை நாடினமையால் தொழிலுக்குக் கிடைத்த வருவாய் குறைந்தது என்று 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. ஒரு கல்லால் இரு மாங்காய் வீழ்த்த எண்ணியவர்கள், ஒரு நோக்கம் மற்றதன் காலை வாரியதையே கண்டனர்.

ஜேர்மனியும் அதே 2009இல் ஒன்பது ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2,500 யூரோ வீதம் 500 கோடி யூரோ செலவிட்டது. அதற்குச் சுற்றாடல் வெகுமதி என்று பெயர். புதிய கார் குறைந்த எரிபொருளில் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோ இல்லை!

இவ்விடயம் நமக்குத் தொலைவானதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்சையும் ஓட்டிய யாழ்ப்பாணத்தார், பழைய இயந்திரத்தின் மதிப்பை அறிவர். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற கமக்காரர், சிக்கனத்தின் மதிப்பையும் அறிவர். அமெரிக்காவும் ஜேர்மனியும் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியாவது அவற்றின் தொழிற்சாலைகளுக்கே திரும்பியது. வண்டிகளை இறக்குமதி செய்யும் இலங்கை அதைப் பின்பற்றுமாயின், பணம் கப்பலேறிப் போகும். கடன் இங்கே தங்கும்.

ஆகவே, இத்தகைய உதவி எங்கு வழங்கப்பட்டாலும் மூன்று நிபந்தனைகள் வேண்டும். மிச்சமாகும் எரிபொருளின் அளவே உதவியின் அளவாதல் வேண்டும். வருமானங் குறைந்தோருக்கு முதலிடம் வேண்டும். கார் வேண்டாதவர் அதே உதவியைப் பொதுப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இடம் வேண்டும். இவை கனவல்ல; கலிபோர்னியா மாநிலம் பின்னாளில் வகுத்த திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கே உதவி என்ற விதியும், பயணச்சீட்டாகப் பெறும் வழியும் இடம்பெற்றன.

வறியவனின் பணத்தை எடுத்து வசதியுள்ளவனின் கார் விலையைக் குறைப்பது, எந்தப் பச்சை வர்ணம் பூசினாலும், நீதியாகாது.