பண்ணை வாசலில் தொடங்கும் பாதுகாப்பு

சிம்பாங் அம்பாட்டில் வசிக்கும் எனக்குப் பன்றிப் பண்ணை என்பது எங்கோ தொலைவில் உள்ள விஷயம் அல்ல. அருகிலுள்ள வால்டோர், பினாங்கில் பன்றி வளர்ப்பு நடக்கும் முக்கிய இடங்களுள் ஒன்று. பண்ணை என்றாலே வாடையையும் ஆற்றில் கலக்கும் கழிவுநீரையும் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். நோயைப் பற்றிப் பேசுவது குறைவு.

2023 ஜனவரியில் அந்தப் பேச்சு தவிர்க்க முடியாததாயிற்று. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்கு பண்ணைகளுக்குள் நுழைந்தது. நோய் கண்ட பண்ணைகளில் பன்றிகள் அழிக்கப்பட்டன. இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால், தொற்றிய பன்றிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. 2018 ஆகஸ்டில் சீனாவில் கண்டறியப்பட்ட இக்காய்ச்சல், 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதிசெய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நம் மாநிலத்துக்கும் வந்துவிட்டது.

காலும் சிறகும் இல்லாத கிருமி இவ்வளவு தூரம் பயணம் செய்தது எப்படி? பெரும்பாலும் மனிதனே அதன் வாகனம். லாரிச் சக்கரம், சேறு படிந்த பூட்ஸ், பண்ணைக்குப் பண்ணை கைமாறும் கருவிகள், பன்றிக்குத் தீனியாகப் போடும் சாப்பாட்டுக்கடை மிச்சங்கள் ஆகிய எல்லாமே அதைச் சுமந்து செல்லும். உறைய வைத்த இறைச்சியில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

"நாங்கள் பன்றி வளர்ப்பதில்லை, எங்களுக்கென்ன?" என்று சில மாணவர்கள் கேட்கலாம். அவர்கள் 1998-99ஆம் ஆண்டுகளின் நிப்பா வரலாற்றைப் படிக்க வேண்டும்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை. காரணம், சில தடயங்கள் அந்த முடிவோடு பொருந்தவே இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும்; இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைக் கையாண்ட பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றார்கள். பன்றிகளும் பலமாக இருமின.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை தெரிந்தது. நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பழந்தின்னி வௌவால்களிடம் இருந்த கிருமி அது. பன்றிக் கொட்டகையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றதால் நோய் தொடங்கியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டு, ஒருவர் மாண்டார். சுமார் 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

இதில் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது வேறொன்று. பேராக்கில் நோய் கண்டதும், நட்டத்துக்கு அஞ்சிப் பன்றிகள் அவசரமாகத் தெற்கே விற்கப்பட்டன. கிருமியும் அதே லாரியில் ஏறியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பண்ணையாளரும் தம் குடும்பத்தைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார். எல்லோரும் சேர்ந்து செய்தபோது தொழிலே சரிந்தது.

ஆகவே, பண்ணைச் சுகாதாரம் என்பது தண்ணீரும் சோப்பும் மட்டுமல்ல. வாசலில் கிருமிநாசினித் தொட்டி, உள்ளே அணியத் தனி உடையும் காலணியும், புதிதாக வாங்கிய விலங்கைச் சில வாரம் தனியே வைத்தல், வௌவாலும் பறவையும் புகாத மூடிய கொட்டகை ஆகியவை தேவை. அவற்றோடு, "என் பண்ணையில் நோய்" என்று முதல் நாளே சொல்லும் துணிவும் வேண்டும். அப்படிச் சொன்னவர் நொடித்துப் போவார் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். நியாயமான இழப்பீடும் நோய்த் தடுப்பில் ஒரு பகுதி என்று நான் கருதுவது இதனால்தான். சிறிய பண்ணையாளர் மூடிய கொட்டகைக்கு மாற வேண்டும் என்றால் அவருக்குக் கடனும் கால அவகாசமும் கிடைக்க வேண்டும். சட்டம் மட்டும் போதாது.

மாணவர்களே, வீட்டில் நான்கு ஆடோ பத்துக் கோழியோ இருந்தாலும் இந்த விதிகள் பொருந்தும். கொட்டகைக்குப் போய் வந்ததும் கைகழுவுங்கள். விலங்குகள் திடீரெனச் செத்தால் புதைத்துவிட்டு மறந்துவிடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

அறிவியல் பிரிவில் படிப்போர் கால்நடை மருத்துவத்தையும் ஒரு வாய்ப்பாக எண்ணிப் பாருங்கள். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் அதற்கான கல்வி உண்டு. அடுத்த முறை தடயங்கள் பொருந்தாதபோது, "இது வேறு நோயாக இருக்குமோ?" என்று கேட்கும் கண்கள் நாட்டுக்குத் தேவை.