புறம்போக்கின் மீது பழிசுமத்தும் பாடம்

அமெரிக்காவில் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கும் பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்திலான சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் இணையவழியில் விற்கப்படுகிறது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்னும் திட்டத்தைச் சேர்ந்த பாடம் இது. திட்டத்தை நடத்தும் காலேஜ் போர்டு 1900இல் தோன்றியது; சட்டத்தின் கண்களில் அது இலாப நோக்கற்ற அமைப்பு. இப்பாடத்திற்கான தேர்வு 1998 முதல் நடைபெற்று வருகிறது. இணையவழி வகுப்புக்கு ஆண்டுக்குப் பல நூறு டாலர். தேர்வெழுதத் தனியே ஏறத்தாழ நூறு டாலர். ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ பெற்றால் பல கல்லூரிகள் அதனைத் தம் பாடங்களுள் ஒன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கல்லூரிப் படிப்பு என்றாலே பல்லாண்டுக் கடன் என்றாகிவிட்ட நாட்டில், பெற்றோர் இந்தச் சிக்கனத்தை நாடுவதில் வியப்பேதுமில்லை.

அப்பெற்றோரை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. வீட்டுக்கல்வி என்றவுடன், பரிணாமக் கொள்கையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் குடும்பங்களே நம்மில் பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை திரட்டிய விவரம் வேறொன்றையும் சொல்கிறது. வீட்டுக்கல்வியை மேற்கொண்ட குடும்பங்கள் சில மாதங்களில் 5.4 விழுக்காட்டிலிருந்து 11.1 விழுக்காடாயின, கறுப்பினக் குடும்பங்களிலோ 3.3 விழுக்காட்டிலிருந்து 16.1 விழுக்காடாயின. வெள்ளைக் குழந்தைகளோடு கறுப்புக் குழந்தைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க மறுத்து, 1959 முதல் ஐந்தாண்டுகள் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடிய மாவட்டம் வர்ஜீனியா மாநிலத்தில் உண்டு. பள்ளி முதலில் கைவிட்டது. மக்கள் பிறகுதான் பள்ளியைக் கைவிட்டனர். இந்த வரிசையை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

பாடத்திற்கு வருவோம். ஒன்பது அலகுகள். சூழலமைப்பு, பல்லுயிர்ப் பெருக்கம், மக்கள்தொகை, மண், ஆற்றல், காற்று மாசு, நீர் மாசு, புவி வெப்பமாதல் எனப் பரந்து விரிந்தது. நைட்ரஜன் சுழற்சியோடு எனக்கு எவ்விதப் பகையும் இல்லை. என் வழக்கு ஐந்தாம் அலகோடுதான். நிலமும் நீரும் பயன்படுத்தப்படும் முறை பற்றிய அந்த அலகு 'டிராஜெடி ஆஃப் தி காமன்ஸ்' என்ற தலைப்போடு தொடங்குகிறது. பொதுவில் உள்ள வளத்தை ஒவ்வொருவனும் தன்னலம் கருதியே பயன்படுத்துவான், ஆதலால் அது தீர்ந்து அழியும் என்பது அதன் சாரம்.

இச்சொற்றொடரைத் தமிழாக்க முனைந்த எவருக்கும் 'காமன்ஸ்' என்ற முதல் முட்டுக்கட்டை தெரியும். 'பொதுவளம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்; நானும் பலமுறை அப்படி நகர்ந்திருக்கிறேன். ஆனால் நம்மிடம் அதற்கு மண்ணில் வேரோடிய சொல் ஒன்று உண்டு: புறம்போக்கு. வரிவிதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட நிலம். மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு என ஊரின் உயிர்நிலைகள் அனைத்தும் அச்சொல்லில் அடங்கும். ஊருக்கெல்லாம் உரியதைச் சுட்டிய அச்சொல் இன்று வசைச்சொல்லாகிக் கிடக்கிறது. யாருக்கும் தனியுடைமை அல்லாதது எதற்கும் உதவாதது என்ற எண்ணம் மொழிக்குள் புகுந்ததன் தடயம் இது. அமெரிக்கப் பாடம் அறிவியலின் பெயரால் செய்வதும் இதே வேலையைத்தான்.

இக்கருத்தைப் பரப்பியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக உயிரியலாளர் காரெட் ஹார்டின். 1968 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அவரது கட்டுரை மேய்ச்சல்நிலத்தை வெறும் உவமையாகவே கையாண்டது. அவர் குறிவைத்தது மக்கள்தொகையை. பிள்ளை பெறும் சுதந்திரத்தைப் பறித்தாக வேண்டும் என்பதே அவரது முடிவு. ஆறாண்டுகள் கழித்து, செல்வநாடுகளை உயிர்காப்புப் படகுகளுக்கு ஒப்பிட்டு, கடலில் தத்தளிக்கும் ஏழைநாட்டு மக்களை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்றும் வாதிட்டார். அவர் வரைந்த மேய்ச்சல்நிலத்தில் இடையர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்க்கூட்டம் இல்லை, முறைவைப்பு இல்லை, தண்டம் இல்லை. உண்மையான எந்த ஊரில் அப்படி நடந்தது? சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சல் நிலங்களிலும் ஜப்பானியக் கிராமக் காடுகளிலும் பிலிப்பைன்ஸ் பாசனக் கால்வாய்களிலும் மக்கள் தாமே விதிவகுத்துப் பொதுவளத்தைத் தலைமுறைகளாகக் காத்துவந்ததை எலினார் ஆஸ்ட்ரம் சான்றுகளோடு நிறுவினார். அதற்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். தாம் பேசியது மேலாண்மையற்ற பொதுவளத்தைப் பற்றியே என்று ஹார்டினே பின்னாளில் திருத்திக்கொள்ள நேர்ந்தது. எனினும் பாடத்தின் தலைப்பாக நிலைபெற்றிருப்பது அவருடைய பழைய சொற்றொடர்தான்.

பொதுநிலம் அழிந்த கதையை மார்க்சியம் பயின்றோருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் வேலியடைத்துக்கொண்டவர் யார் என்பதை 'மூலதனம்' முதல் தொகுதி விரித்துரைக்கிறது. அதற்கும் வெகுமுன்னர், 1842இல், ரைன்லாந்து ஏழைகள் காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்கிய சட்டத்தை எதிர்த்து இருபத்துநான்கு வயது மார்க்ஸ் எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளுள் தம்மை முதன்முதலில் இழுத்துச் சென்றவற்றுள் அவ்விவாதமும் ஒன்றென்று 1859இல் அவரே குறிப்பிடுகிறார். அக்காட்டுக்கு நேர்ந்த அவலம் சுள்ளி பொறுக்கிய கிழவியால் வந்ததன்று.

பாடத்தின் உள்ளடக்கமும் அது கற்பிக்கப்படும் முறையும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! பேசிக்கொள்ளாத இடையர்களைப் பற்றிய பாடத்தை, பக்கத்தில் அமர ஒரு தோழனில்லாத மாணவி தனியறையில் கணினித் திரைமுன் படிக்கிறாள். பாடநேரத்தில் கால்பங்கு ஆய்வகத்திலும் களத்திலும் செலவாக வேண்டும் என்பது விதி. வீட்டில் படிப்பவளுக்கு ஆய்வகம் என்பது பெற்றோர் விலைகொடுத்து வாங்கும் சோதனைப் பொருள்கள்தான். தன் வீட்டுக் குழாய்நீரை அவள் சோதிப்பாள், அளவைக் குறிப்பாள், மதிப்பெண் பெறுவாள். நல்லதுதான். ஆனால் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் 2014இல் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீர் ஆதாரத்தை மாற்றி, குழாய்களிலிருந்து ஈயம் கலந்துவரச் செய்தனர் ஆட்சியாளர்கள். நீர் பாதுகாப்பானது என்றே சாதித்தனர். ஒரு வீட்டுச் சோதனையை அந்த ஒரு வீட்டுக் குழாயின் கோளாறு என்று தள்ளிவிட முடிந்தது. குடியிருப்போர் கூடி, பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு நூற்றுக்கணக்கான வீடுகளின் நீர் மாதிரிகளைத் திரட்டிய பின்னரே உண்மையை மறைக்க இயலாமற்போனது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதும் அந்த அறிவியலின் ஒரு பகுதி. அதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது.

இது தொலைதூரத்துச் செய்தியன்று. அதே தேர்வை நம் பெருநகரங்களிலும் எழுதலாம். வசதி படைத்த வீடுகள் அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டன. வசதியற்ற பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு செய்தது என்ன? சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991இலேயே உச்சநீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் பணித்தது. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. 2022இல் தொடங்கிய வெட்டில், பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து டார்வினின் பரிணாமத்தோடு, ஆற்றல் மூலங்கள் பற்றிய அத்தியாயமும் இயற்கை வளங்களைப் பேணுதல் பற்றிய அத்தியாயமும் போயின. பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலிலிருந்து சிப்கோவைப் பேசிய மக்கள் இயக்கங்கள் அத்தியாயமும் போயிற்று.

வெட்டப்பட்ட அறிவியல் அத்தியாயத்தில் அராபாரி இருந்தது. மேற்கு வங்கத்தின் மேதினிபூர் பகுதியில், வனத்துறையின் காவலும் தண்டனையும் தோற்றுச் சால் காடு மொட்டையானபோது, 1972இல் ஏ.கே. பானர்ஜி என்ற வன அலுவலர் சுற்றுவட்டக் கிராமத்தாரிடமே காவலை ஒப்படைத்தார். காட்டுவேலையில் கூலி, விறகும் தீவனமும் எடுக்கும் உரிமை, இறுதி விளைச்சலில் 25 விழுக்காடு பங்கு. பத்தாண்டுகளில் காடு மீண்டெழுந்தது. ஹார்டினுக்கு விடை நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருந்தது. அங்கே அவரது பாடத்தைக் காசு கொடுத்துப் படிக்கிறார்கள். இங்கே அதற்கான மறுப்பை, இலவசமாகக் கிடைத்துவந்ததை, கிழித்தெறிந்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்க சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர்ஊராய் அறிவியல் வகுப்பெடுத்தபோது, இடதுசாரித் தலைமை அணைத்திட்டத்தின் பக்கமே நின்றது. பரிஷத்தின் ஆசிரியர்களில் இடதுசாரிகள் பலர். அவர்கள் சொன்னதே சரியென்று ஆயிற்று. அவர்கள் பாடம் நடத்திய இடம் ஊர்ச்சந்தியும் நூலகத் திண்ணையும்.

நீக்கப்பட்ட அத்தியாயங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆய்வகமும் நிரந்தர அறிவியல் ஆசிரியரும் வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர், ஆசிரியர் அமைப்புகள் எழுப்பியுள்ளன. அது வலுப்பெற வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய பத்தாம் வகுப்பு நூல் பல தோழர்களின் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். இயற்கை வளங்கள் பற்றிய அந்தச் சிறு அத்தியாயத்தைக் கிளைக்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள், பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு. மறுநாள் தமிழகத் தோழர்கள் வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்று தம் ஊரின் புறம்போக்கு நிலக் கணக்கைக் கேட்கலாம். மேய்க்கால் எவ்வளவு, ஏரி எவ்வளவு, இன்று அது யார் கையில் இருக்கிறது என்று.