பச்சை விளக்கு எதைப் பார்த்துச் சொல்கிறது?



நம் வாணியம்பாடித் தெருக்களில் மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்திற்குத் தொங்கிச் செல்லும் மெல்லிய கரிய கம்பிகளைக் காணாதார் இலர். தோல் ஆலையில் கணக்கு எழுதுவோர் வீட்டிலும், காலணித் தொழிற்கூடத்தில் தையல் வேலை பார்ப்போர் வீட்டிலும் அவை நுழைந்து, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியில் முடிகின்றன. அதனை ரௌட்டர் என்கிறோம். அதன் நெற்றியில் நான்கைந்து விளக்குகள். பச்சை எரிந்தால் எல்லாம் நலம், சிவப்பு எரிந்தால் கேடு, எரியாவிட்டால் பழுது என்று வீட்டார் அனைவரும் நம்பிவிட்டனர். இந்த நம்பிக்கை எவ்வளவு இழப்பை உண்டாக்க வல்லது என்பதை அண்மையில் இரு வீடுகளில் கண்டேன். ஆதலால் இத்திங்கள் இதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

முதல் வீட்டில் ஒரு மாணவி. கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப அன்று இறுதி நாள். பெட்டியில் விளக்குகள் அத்தனையும் பச்சை. விண்ணப்பப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. “நம் லைன் சரியாகத்தான் இருக்கிறது, அவர்கள் பக்கம்தான் கூட்டம்” என்று தந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். நள்ளிரவு வரை காத்திருந்தனர். மறுநாள் விசாரித்தபோதுதான், அண்டை வீட்டுப் பிள்ளைகள் அதே இரவில் அதே பக்கத்தைத் திறந்து விண்ணப்பித்திருந்தது தெரிய வந்தது. குறை இவர்கள் லைனில்தான் இருந்தது. அந்தப் பெண் இனி அடுத்த ஆண்டை நோக்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மகன் சிங்கப்பூரில்; தாய் தனியே இருக்கிறார். விடுமுறைக்கு வந்திருந்த மகன், வீடெங்கும் வை-பை எட்ட வேண்டுமென்று இரண்டாவது பெட்டி ஒன்றை வாங்கி, பழைய பெட்டியைத் தபால்காரன் போல் செய்தியை வாங்கிக் கைமாற்றும் வேலைக்கு மட்டும் அமர்த்திச் சென்றான். ‘பிரிட்ஜ்’ முறை என்பர் இதனை. இம்முறையில் இணைய நிறுவனத்தோடு பேசுவது புதிய பெட்டியே. ஆகவே பழைய பெட்டியின் ‘இன்டர்நெட்’ விளக்கு எரியாமலே இருக்கும். இணையமோ குறைவின்றி வரும். ஒரு நாள் இதனைக் கவனித்த அந்த அம்மாள் பதறிப்போய், பெட்டியின் பின்னுள்ள ‘ரீசெட்’ துளையில் ஊசியை விட்டு அழுத்திவிட்டார். உள்ளே பதிந்திருந்த அமைப்புகள் யாவும் அழிந்தன. அதுவரை கெடாதிருந்தது அந்த நொடியில் கெட்டது. ஆள் வந்து சீர்செய்ய ஐந்து நாளாயிற்று. “பிள்ளை முகத்தைப் பார்த்து அஞ்சு நாளாச்சு, சாமி. லைட்டு எரியலையேன்னுதான் குத்தினேன்” என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள் விளங்காத விளக்கை நெற்றியில் பதித்து விற்பவர்கள் அல்லவா விளக்கம் தந்திருக்க வேண்டும்!

இவ்விளக்குகள் உண்மையில் எதைப் பார்க்கின்றன? ‘பவர்’ விளக்கு மின்சாரத்தை மட்டும் பார்க்கிறது. ‘பான்’ என்பது, ஊரிலுள்ள இணைப்பு நிலையத்து இயந்திரம் நம் பெட்டியை அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டதா என்பதைப் பார்க்கிறது. நிலையாக எரிந்தால் சேர்த்தாயிற்று, மினுக்கினால் இன்னும் முயல்கிறது. ‘லாஸ்’ என்பது கண்ணாடி இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பதைச் சொல்லும் சிவப்பு விளக்கு. பெரும்பாலும் இவ்வொன்றை நாம் நம்பலாம்; இழை அறுந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும், அல்லது அலமாரியை நகர்த்தும்போது கம்பி கூர்மையாக மடங்கியிருக்கும். இழைக்குள் வரும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1490 நானோமீட்டர். நம் பெட்டி திருப்பி அனுப்புவது 1310. இரண்டும் மனிதக் கண்ணுக்குத் தெரியா. தெரியவில்லையே என்று கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்தல் ஆகாது; குழந்தைகளையும் அவ்வாறு பார்க்க விடாதீர்கள்.

குழப்பமெல்லாம் ‘இன்டர்நெட்’ விளக்கில்தான். பெட்டிக்குப் பெட்டி சிறிது வேறுபாடு உண்டெனினும், பல பெட்டிகளில் அது பார்ப்பது ஒன்றே ஒன்றை: இணைய நிறுவனம் நம் பெட்டிக்கு ஓர் எண் முகவரி தந்ததா, இல்லையா? தந்தவுடன் பச்சை எரிந்துவிடும். அந்த நிறுவனத்திற்கு அப்பால் வழி திறந்திருக்கிறதா என்பதை அது அறியாது. ஆம்பூர்ச் சாலையில் எங்கேனும் மண்வெட்டும் இயந்திரம் நெடுந்தொலைவுக் கம்பியை அறுத்தாலும் நம் வீட்டில் பச்சை எரியலாம். மாதக் கட்டணம் முடிந்து, பணம் செலுத்தும் பக்கத்தைத் தவிர வேறெதையும் திறக்க விடாமல் நிறுத்தியிருந்தாலும் பச்சை எரியலாம்.

நம் வீடுகளில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. மின்சாரம் பார்க்கும் டெஸ்டரைச் செருகினால் விளக்கு எரிகிறது. சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுழலவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து, “பேஸ் வருகிறது, நியூட்ரல் போய்விட்டது” என்பார். டெஸ்டர் பொய் சொல்லவில்லை. பேஸ் உண்டா என்று மட்டுமே அது பார்த்தது; மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. பழைய கறுப்புத் தொலைபேசியிலும் அப்படியே. ஒலிவாங்கியை எடுத்ததும் கேட்ட ‘டயல் டோன்’ உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் உயிரோடிருக்கிறது என்று காட்டியதேயன்றி, சென்னைக்கு லைன் கிடைக்கும் என்று உறுதி கூறவில்லை.

வீட்டுப் பெட்டியின் சிறு விளக்குக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நகைப்போர்க்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு என்னுமிடத்தில் ஓர் அணுமின் நிலையம். 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விடியற்காலை 4 மணியளவில், அழுத்தம் மிகுந்ததால் ஒரு வால்வு தானே திறந்துகொண்டது. அழுத்தம் தணிந்ததும் அது மூடியிருக்க வேண்டும், மூடவில்லை, சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. அணைந்தால் வால்வு மூடிற்று என்பதே ஊழியர் கொண்ட பொருள். அவ்விளக்கோ வால்வைப் பார்க்கவே இல்லை. வால்வைத் திறந்து வைக்கும் மின்னோட்டம் உண்டா என்பதை மட்டுமே பார்த்தது. உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியேறிக்கொண்டேயிருந்தது. அதன் பிறகே ஒருவர் வேறொரு வால்வை அடைத்து அதனை நிறுத்தினார். அதற்குள் உலையின் உட்கருவில் ஏறத்தாழப் பாதி உருகிப்போக வழியாயிற்று. வால்வுக்கு அப்பாலிருந்த குழாயின் வெப்பமானி மிகுந்த சூட்டைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அவ்வால்வு முன்னரே சிறிது கசிந்து வந்ததால், அந்தச் சூடு பழகிப்போன ஒன்றாக அவர்களுக்குத் தோன்றிற்று. பயிற்சி பெற்ற பொறியாளர் கூடத்திலேயே இது நடந்ததெனில், ஊசி எடுத்த அந்த அம்மாளை யார் குறை சொல்வது?

ஆகவே பக்கம் திறக்காதபோது விளக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், வேறொரு சாட்சியை அழையுங்கள். கைபேசியில் வை-பையை நிறுத்திவிட்டு, அதன் சொந்த டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் குறை நம் லைனில். திறக்காவிட்டால் அந்தப் பக்கத்தார் மேல் ஐயம் கொள்ளலாம். அந்த மாணவி வீட்டில் இவ்வொரு நிமிட வேலையை யாரேனும் செய்திருந்தால் போதுமாயிருந்தது. இறுதி நாளன்று டேட்டா உள்ள கைபேசி நம்மிடம் இல்லையென்றால், அண்டை வீட்டாரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டா.

குறை நம் லைனில் என்று தெரிந்தபின், பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலுள்ள எண்ணை, பெரும்பாலும் 192.168.1.1 என்பதை, வை-பை இணைப்பில் இருந்தபடி தட்டிப் பாருங்கள். பெட்டியின் சொந்தப் பக்கம் திறந்தால் வீட்டுக்குள் வை-பை நலமே. அடுத்து 1.1.1.1 என்று தட்டுங்கள். கிளவுட்பிளேர் என்னும் நிறுவனம் 2018இல் பொதுமக்களுக்குத் திறந்த எண் அது. எண்ணைத் தட்டினால் திறந்து, பெயரைத் தட்டினால் மட்டும் திறக்காவிடில், பழுது பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்னும் பணியில் இருக்கிறது. முன்னாளில் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்க 197ஐச் சுழற்றினோமே, அதே வேலைதான். அங்கே யாரும் எடுக்கவில்லை என்று பொருள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று எழுதினால் பெரும்பாலும் சரியாகும். இதனைக் கல்லூரிப் பிள்ளை எவரும் செய்து தருவர். எண்ணும் திறக்காவிட்டால், முதலில் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; பின்பு சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். அதற்கும் அசையாவிட்டால் நிறுவனத்தாரை அழையுங்கள். அழைக்கும்போது “நெட் வரவில்லை” என்று மட்டும் சொன்னால், “லைட் பச்சையா?” என்று கேட்டு, “அப்படியானால் எங்கள் பக்கம் சரி” என்று முடித்துவிடக்கூடும். “பான் பச்சை, லாஸ் இல்லை, 1.1.1.1 திறக்கவில்லை” என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு வேறு வழியில் போகும்.

இணையம் நன்றாக வரும் நாளொன்றில் பெட்டியின் முகத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த விளக்கு எரிவது, எது அணைந்திருப்பது உங்கள் வீட்டுக்கு இயல்பு என்பதை அப்படம் காட்டும். நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் முறையில் வைத்துவிட்டு ஊருக்குப் புறப்படும் பிள்ளைகள், “இந்த விளக்கு எரியாது, எரியவும் வேண்டாம்” என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிச் செல்லட்டும். ரீசெட் துளையின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டால் நலம்.