அஞ்சலட்டையின் பின்புறம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் வீலே அண்டு கிளைன் ஒளிப்பட நிலையமும் விற்ற பட அஞ்சலட்டைகள் இன்று பல நாட்டு நூலகங்களின் பேழைகளுக்குள் இடம் பெற்றுள்ளன. 2018-இல் இலண்டன் சோவாஸ் நிறுவனத்தின் புரூனை காட்சிக்கூடத்தில் சென்னை, பெங்களூர் அஞ்சலட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. உள்ளங்கை அளவுள்ள தாளுக்குக் கிடைத்த இம்மதிப்பு மகிழத்தக்கது. ஆயினும் காப்பது வேறு, படித்தறிவது வேறு. பின்னதில் நம் நூலகங்கள் போதிய கருத்துச் செலுத்தவில்லை என்பதே நம் கவலை.

அவ்வட்டைகளில் இருப்போர் யாவர்? குழந்தையை ஏந்திய ஆயா, துணி வெளுப்பவர், சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர். படத்தின் அடியில் அச்சிட்டிருப்பது தொழிலின் பெயர் அல்லது சாதியின் பெயர். மனிதரின் பெயர் இல்லை. கொழும்பில் பிளாட்டே நிறுவனம் விற்ற தேயிலைத் தோட்ட அட்டைகளிலும் இதே நிலைதான். கொழுந்துக் கூடையைச் சுமந்து நிற்கும் தமிழ்ப் பெண்ணை அவை காட்டும். அவள் மாலையில் திரும்பிச் செல்லும் லயம் எனும் வரிசைக் குடியிருப்பையும் அவள் பெற்ற கூலியையும் காட்டா. அடிக்குறிப்பு படத்திலிருப்பவர் சொன்னதன்று. வாங்குவோரின் விருப்பமறிந்து விற்பவர் எழுதியது. அதையே நூலகப் பட்டியலில் தலைப்பாக ஏற்றி அவ்வளவில் நிறுத்திவிட்டால், அன்றைய வணிகரின் சொல் இன்றைய நூலகத்தின் வாக்குமூலமாகிவிடும். அச்சிட்ட சொல்லை மாற்றக் கூடாது. அது வெளியிட்டோரின் சொல் என்று குறித்து, நூலகர் தம் விளக்கத்தைத் தனியே எழுத வேண்டும்.

நிறத்தையும் நம்புதற்கில்லை. இத்தகைய அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாயின. சென்னையைக் காணாதவர் தீட்டிய வண்ணத்தைக் கொண்டு அக்காலப் பெண்டிரின் சேலை நிறத்தை முடிவு செய்யலாகுமா? உருப்பெருக்கியில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படி. புள்ளியின்றி ஒளியும் நிழலும் இழைந்து செல்லுமாயின், ஒளிப்படத் தாளிலேயே எடுத்த படியாக இருக்கக்கூடும். இவ்வளவையேனும் ஆய்ந்து குறிப்பது நூலகரின் கடமை.

காலத்தைக் கணிப்பதில் இன்னும் விழிப்பு வேண்டும். அஞ்சல் முத்திரை, அட்டை பயணம் செய்த நாளையே சொல்லும். பழைய தகட்டிலிருந்து பல்லாண்டுகள் படியெடுத்து விற்றதுண்டு. ஆகவே படத்துக்குள்ளும் சான்று தேட வேண்டும். சென்னையில் மின்டிராம் 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்றது. தெருவில் அது ஓடக் கண்டால், படம் அவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. எட்வர்டு மன்னர் தலையுள்ள அஞ்சல்தலை, 1901-க்கு முன் அவ்வட்டை அஞ்சலில் சேரவில்லை என்பதற்குச் சான்று.

அந்த அஞ்சல்தலை பெரும்பாலும் ஒட்டியிருப்பது பின்புறத்தில். முன்பெல்லாம் அப்பக்கம் முகவரிக்கு மட்டுமே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினர். 1902-இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை அதை இரு பாதியாக்கி, ஒன்றில் செய்தி எழுத இசைந்தது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. ஆகவே பின்புறத்தின் அமைப்பே காலத்தைக் காட்டும் சான்று. யார், எவ்வூரிலிருந்து, யாருக்கு எழுதினார், படத்திலிருப்பவரைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுதினாரா என்பவையும் அங்கேதான் கிடைக்கும். இத்தனையும் இருக்க, முன்புறத்தை மட்டும் மின்படியாக்கி இணையத்தில் ஏற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அழகிய படம் போதும் என்று எண்ணுவோர் ஆவணத்தின் பாதியை மறைக்கின்றனர்.

கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய தாள்களே இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அவ்வாறே நம் இல்லத்துத் தாளும் நாளை ஆவணமாகலாம். ஆகவே இல்லங்களில் பழைய அஞ்சலட்டை வைத்திருப்போர் அதைத் தாளில் ஒட்டிவிட வேண்டா. ஒட்டிய அட்டையின் எழுத்து அழிந்தே போகும். நூலகங்கள் இனி எந்த அட்டையையும் இரு பக்கமும் படியெடுத்த பின்னரே பட்டியலில் ஏற்ற வேண்டும். முன்னரே ஏற்றியவற்றின் பின்புறத்தை இவ்வாண்டே படியெடுக்கத் தொடங்க வேண்டும்.